எங்கள் ஊரும் ஒரு பழைய ஜீப்பும்

உலகம் வெடிச்சத்தத்தைக் கேட்டு மகிழ்கிறது. தீபாவளி விடியலிலும் திருமண ஊர்வலத்திலும் தேர்தல் வெற்றியிலும் திருவிழா இரவிலும் அச்சத்தம் எழுந்தால்தான் பலருக்கு மனம் நிறைகிறது. ஆனால், அந்த வெடிகளைச் செய்து அனுப்பும் எங்கள் தாயில்பட்டியில் அதே சத்தத்திற்குப் பொருள் வேறு. வேலை நாளில், பகற்பொழுதில், எங்கிருந்தேனும் ஓர் வெடியோசை வந்துவிட்டால் ஊர் ஒரு கணம் அசைவற்று நிற்கும். அடுத்த கணத்தில் எல்லார் நாவிலும் ஒரே கேள்விதான்: எந்த ஆலை? இத்தகைய ஊரில், அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் பெட்ரோல் ஜீப் ஒன்றைப் பேணி வைத்துக்கொண்டு, அதில் ஏறிக் கரிசற்காட்டில் திரிந்து மகிழ்வது தகுமா? நண்பர்கள் பலர் விளையாட்டாகவும், சிலர் மெய்யாகவும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குள்ளும் அக்கேள்வி நெடுநாளாக இருந்து வருகிறது.

முதலில் அந்த ஊர்தியை வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். 1967ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மஹிந்திரா சி.ஜே.3பி வகையைச் சேர்ந்தது அது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம்; முழு நீளமும் பதினோரு அடிக்குள் அடங்கிவிடும். கதவுகள் இல்லை. கூரை தார்ப்பாய்தான். முன்கண்ணாடியை மடித்து மூக்கின்மேல் படுக்க வைத்துவிடலாம். மூக்கு மட்டும் சற்று அதிகமாகவே உயர்ந்திருக்கும். அதற்குக் காரணம் உண்டு. முந்தைய மாதிரிகளில் வால்வுகள் அனைத்தும் எஞ்சினின் பக்கவாட்டில் அமைந்திருந்தன. இதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகளை மேலே ஏற்றிவிட்டார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதை மூட மூக்கும் உயர்ந்தது. அழகுக்காகச் செய்தது ஒன்றுமில்லை. தேவை எப்படியோ உருவமும் அப்படியே என்னும் அந்த நேர்மைதான் சிறுவயதில் என்னைக் கவர்ந்தது என்று இப்போது எண்ணுகிறேன்.

இந்த ஜீப்பின் குலவரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. 1940ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்கப் படைத்துறை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறிய ஊர்தி ஒன்று வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. மாதிரி வண்டியை ஒப்படைக்க அளித்த காலம் 49 நாள்கள்தாம். பான்டம் என்னும் சிறிய நிறுவனம் கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரின் வரைபடத்தைக் கொண்டு அதைச் செய்து முடித்து, 1940 செப்டம்பர் 23 அன்று கொண்டுபோய் நிறுத்தியது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் அவ்வழியில் போர் முடியுமுன் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்களைச் செய்து குவித்தன.

அதே 1940ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் வெடிபொருள் விதிகள் வகுக்கப்பட்டு, உரிமம் பெற்றுப் பட்டாசு செய்யும் முறை வந்தது. அதுவரை இங்கே தீப்பெட்டித் தொழிலே முதன்மையாக இருந்தது. போரினால் வெளிநாட்டு வாணவேடிக்கைப் பொருள்களின் வரத்து அருகிய வேளையில், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் வேரூன்றின. ஆக, எங்கள் ஊர்ப் பிழைப்பும் எங்கள் வீட்டு ஜீப்பும் ஒரே போரின் பிள்ளைகள். ஒன்று கடல் கடந்து பிறந்தது. மற்றொன்று கரிசலில் பிறந்தது. இரண்டும் போர் ஓய்ந்த பின்னர் அமைதிக்காலத்துப் பணிகளை ஏற்றுக்கொண்டன.

அமைதிக்காலத்துக்கு ஜீப் திரும்பிய கதை சுவையானது. 1945இல் வில்லிஸ் நிறுவனம் பொதுமக்களுக்கான ஜீப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதை உழவருக்குரிய கருவியாகவே அறிமுகப்படுத்தியது. ஏர் பூட்டலாம், சுமை இழுக்கலாம், சுழலும் தண்டைப் பொருத்தி வேறு பொறிகளை இயக்கலாம் என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். வாளை அடித்துக் கொழுவாக்கும் முயற்சி என்று அதனைச் சொல்லலாம். இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்களின் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கிற்று. பிறகு இங்கேயே செய்யலாயிற்று. 1953இல் அமெரிக்காவில் அறிமுகமான சி.ஜே.3பி வகை அங்கே 1968இல் நின்றுபோனது. இங்கோ அதன் வழிவந்த வண்டிகள் அதன்பின் பல்லாண்டுகள் ஆலையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தன.

எங்கள் தலைமுறைக்கு ஜீப் என்றாலே அரசாங்கம். வட்டார வளர்ச்சி அலுவலர் வந்தால் ஜீப். அம்மை குத்த வந்தால் ஜீப். தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிய ஜீப். அம்மை குத்த வரும் ஜீப்பின் புழுதி தொலைவில் தெரிந்ததும் குதிருக்குப் பின்னே ஒளிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அத்தகைய அரசாங்க ஜீப் ஒன்றைத்தான் 1979இல் ஏலத்தில் எடுத்து வந்தார் என் தந்தை. நான்கு ஏக்கர் கரிசலும் ஒரு கிணறும் உடைய அவருக்கு அது ஆடம்பரம் அன்று. பருத்தி மூட்டை ஏற்றலாம். மழைக்காலத்தில் காட்டுக்குப் போய்வரலாம் என்பதே கணக்கு. ஆயினும், கணக்கையும் மீறி அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. அன்று எனக்கு வயது பன்னிரண்டு. அந்த மலர்ச்சி எனக்கும் தொற்றிக்கொண்டது.

வண்டி வந்த சில மாதங்களில் ஒரு சித்திரைப் பகலில் அது நேர்ந்தது. கண்மாய்க் கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவில், தந்தை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். சைலன்சர் குழாய்க்குள் ‘டமார்’ என்று ஒரு வெடி. புதிதாக ஜீப் வாங்கிய எவருக்கும் அது சிரிப்பூட்டும் நிகழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். ஆனால், எங்கள் தெருவில் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் அனைவரும் பசைக்கையோடு எழுந்து ஓடினார்கள். எவரும் எங்களை நோக்கி ஓடவில்லை. ஊருக்கு வெளியே, ஆலைகள் இருக்கும் திசை நோக்கியே ஓடினார்கள். சத்தம் ஜீப்பிலிருந்து வந்தது என்று தெரிந்து அவர்கள் திரும்பி வருவதற்குள், சிலருக்குக் கால் துவண்டுவிட்டது. மகனை மருந்து அறை வேலைக்கு அனுப்பியிருந்த ஒரு முதியவள் ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்று, மூச்சு வாங்கியபடி, “வண்டி எம்புட்டுச் சத்தம் போட்டாலும் போடட்டும் தம்பி, இந்த ஒரு சத்தம் மட்டும் வேண்டாம்யா” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது என் தந்தையின் நெஞ்சில் ஆழமாகத் தைத்தது.

மறுநாளே ஜீப் சாத்தூரில் ஒரு பட்டறையில் நின்றது. அங்கிருந்த மெக்கானிக் அண்ணாச்சி படிப்பறிவு மிகுந்தவரல்லர், காதறிவு மிகுந்தவர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து உள்ளே நடப்பதைக் கேட்பார். பழைய பெட்ரோல் எஞ்சின் ஏன் வெடிக்கிறது என்பதை எனக்கு விளங்கச் சொன்னவர் அவரே. சரிவில் காலை எடுத்தவுடன் சிலிண்டருக்குள் போதிய காற்று வருவதில்லை. எரியாத பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் தள்ளப்படுகிறது. குழாயின் இணைப்பில் ஒரு மயிரிழைக் கசிவு இருந்தாலும் அதன் வழியே வெளிக்காற்று உட்புகுந்து, அந்த ஆவி அங்கே தீப்பற்றி வெடிக்கும். தீப்பொறி தாமதித்து விழுந்தாலும், கார்புரேட்டர் வேண்டியதற்கு மேல் பெட்ரோல் தந்தாலும் இதே விளைவுதான். ஆகவே இணைப்புகளை இறுக்கினார், பாயிண்ட் இடைவெளியைச் சீர் செய்தார், டைமிங் வைத்தார். “வேற ஊரு வண்டின்னா இத யாரும் நோய்னு சொல்லமாட்டாங்க. ஒங்க ஊருக்கு இது நோய்தான்” என்றார்.

அந்தச் சொல்லைத்தான் நான் இன்றுவரை மறவாமல் வைத்திருக்கிறேன். ஒரு பொருளின் குறை எது, நிறை எது என்பதைப் பொருள் மட்டுமே முடிவு செய்வதில்லை. அது வாழும் ஊரும் முடிவு செய்கிறது. வேறிடத்தில் வேடிக்கையாகக் கருதப்படுவது இங்கே ஒரு தாயின் கால்களைத் துவளச் செய்துவிடும். ஆதலால் எங்கள் வீட்டில் ஒரு நியமம் ஏற்பட்டது. மாதம் ஒருமுறை சைலன்சர் இணைப்புகளைப் பார்ப்பது. டைமிங் சற்றே பிசகினாலும் வண்டியை வெளியே எடுக்காதிருப்பது. கண்மாய்ச் சரிவில் எப்போதும் காலை மெல்ல மெல்ல எடுப்பது. தந்தை மறைந்த பின்னர் ஜீப்போடு இந்த நியமமும் எனக்கு வந்து சேர்ந்தது.

இனி இன்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கூச்சப்படுவானேன்? ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த காலையில், கரிசற்காட்டு வண்டிப்பாதையில் இந்த ஜீப்பை ஓட்டிச் செல்வதற்கு ஈடான மகிழ்ச்சியை நான் அதிகம் அறிந்ததில்லை. வெயிற்காலத்தில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும் கரிசல், மழை கண்டவுடன் அல்வாவைப்போல் ஆகிவிடும். சக்கரத்தில் ஒட்டினால் விடாது. அங்கே அவசரம் பயன்படாது. சேற்றுக்குள் இறங்குமுன்பே கியர்த்தண்டின் பக்கத்திலுள்ள சிறு நெம்புகோல்கள் இரண்டையும் இட வேண்டும். ஒன்று முன்சக்கரங்களுக்கும் விசையைத் தரும். மற்றொன்று வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும். பிறகு இரண்டாம் கியரில், காலை அசைக்காமல், நடை வேகத்திலேயே செல்ல வேண்டும். அகலமான டயர் சேற்றின்மேல் மிதந்து வழுக்கும். எங்கள் ஜீப்பின் 6.00–16 அளவுள்ள ஒடுக்கமான டயரோ சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள இறுகிய தரையைத் தேடிப் பிடிக்கும். அது பிடித்த கணத்தில் ஸ்டீரிங்கில் ஒரு சிறு அசைவு தெரியும். நிலத்தோடு கைகுலுக்கியதைப்போல் இருக்கும் அது.

கதவில்லாத வண்டியாதலால் காடு முழுவதும் உடன் வரும். ஈரமண்ணின் மணம், சோளத்தட்டையின் சலசலப்பு, சீமைக்கருவேலங் கிளை தோளை உரசும் முரட்டு நட்பு, வைப்பாற்றின் மேலே வந்து கவியும் மேகம் ஆகிய அனைத்தும் ஓட்டுபவனுக்கு அருகிலேயே இருக்கும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகமே இதற்கு மிகுதி. லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் கொடுக்காது. அதற்காகவே இதை நாள்தோறும் எடுப்பதில்லை. 1985இல் மாருதி ஜிப்சி வந்தபோதும், 2010இல் மஹிந்திரா தார் வந்தபோதும் மாற்றிவிடலாமே என்றார்கள். அவை வலியவை, வசதியானவை. எனினும், கழற்றிப் பார்த்து, கை வைத்துச் சீராக்கி, மீண்டும் பூட்டக்கூடிய ஒன்றின்மேல் வளரும் பற்று வேறு வகையானது.

அந்நாளில் ஜீப்புக்கு வேறொரு பணியும் இருந்தது. 108 அவசர ஊர்தி தமிழ்நாட்டுக்கு 2008இல்தான் வந்தது. அதற்கு முன்பு, மழைக்காலத்தில் காட்டு வீடுகளிலிருந்து நோயாளியைக் கொண்டுவர வேண்டுமென்றால் கட்டிலில் தூக்கி வர வேண்டும். இல்லையேல் எங்கள் ஜீப் போக வேண்டும். 1990களில் ஒரு கார்த்திகை இரவு, ஓடைக்கு அப்பாலிருந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டது. நான் டார்ச் விளக்குடன் முன்னே நடந்து ஓடையின் ஆழத்தைக் கம்பால் பார்த்துச் சொல்ல, தந்தை பின்னே ஜீப்பை ஊர்ந்து வரச் செய்தார். விடியுமுன் சாத்தூர் மருத்துவமனையில் தாயும் சேயும் நலம்.

எல்லாப் பயணமும் அவ்வாறு முடியவில்லை. ஆலை விபத்து நேர்ந்த நாள்களிலும் ஜீப் போயிருக்கிறது. ஆனால், ஒருபோதும் ஆலை வாயிலைத் தாண்டி உள்ளே போனதில்லை. வெடிமருந்து உள்ள இடத்தில் ஓர் எஞ்சின், அதுவும் பழைய எஞ்சின், தீப்பொறியின் தாயகம் என்பதைத் தந்தை அறிவார். வாயிலுக்கு அப்பால், காற்றின் எதிர்த்திசையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். உள்ளிருந்து கட்டிலிலும் சாக்கிலும் தூக்கி வருவார்கள். சிவகாசிக்குப் போய்த் திரும்பிய பிறகு, ஜீப்பின் தகரத் தளத்தை அவரே கழுவுவார், எங்களை விடமாட்டார். அப்படியொரு நாளுக்குப்பின் ஒரு மாதமேனும் அவர் வேலைக்கன்றி அதை எடுத்ததில்லை. காரணம் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

இன்று அந்தப் பணிகள் பெரும்பாலும் ஓய்ந்தன. பாதைகள் பல தார்ச்சாலைகளாயின. எனவே, எஞ்சியிருப்பது இன்பம் மட்டுமே அல்லவா என்று கேட்கிறார்கள். சட்டமும் இப்போது ஒரு கேள்வியைக் கேட்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் ஊர்திகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவாகி ஐம்பது ஆண்டுக்கு மேலாகி, பெரிய மாற்றம் ஏதுமின்றித் தன் பழைய உருவிலேயே இருக்கும் ஊர்தியை, 20,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட தனி எண்ணில் பத்தாண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். ஆனால், அப்படிப் பதிவான வண்டி கண்காட்சிக்கும் பழங்கால ஊர்திகளின் அணிவகுப்புக்கும் பழுது பார்ப்பதற்கும் எரிபொருள் நிரப்புவதற்கும் அன்றி அன்றாடப் பயன்பாட்டிற்குச் சாலையில் ஓடலாகாது. மற்றொரு வழி, ஐந்தாண்டுக்கொருமுறை தகுதிச் சோதனைக்கு நிறுத்தி, சாதாரண வண்டியாகவே பதிவைப் புதுப்பிப்பது. அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

எஞ்சின் மாற்றாத பழைய ஜீப் என்பதால், பெருநகரத்துச் சேகரிப்பாளர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். பளபளக்கப் பூச்சு பூசி, வி.ஏ. எண் பெற்று, குளிரூட்டிய கூடத்தில் நிறுத்துவாராம். மகனும் மருமகளும், “கொடுத்துவிடலாமே அப்பா” என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னே நிற்கும் ஜீப்புக்கு எந்தக் குறையும் வராது. யாரும் அதைக் கேட்டு அஞ்சப்போவதில்லை. யாரும் நள்ளிரவில் வந்து அழைக்கப்போவதுமில்லை. ஆனால், அழைக்கப்படாத ஒன்றாக அதை ஆக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. சாதாரண வண்டியாகவே பதிவைப் புதுப்பித்துக்கொண்டேன்.

இன்பத்துக்கும் எல்லைகள் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காட்டில் ஓடும் ஆற்றல் இருப்பதால் எந்தக் காட்டிலும் ஓடலாம் என்றாகாது. மேற்கே தெரியும் மலை, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அங்கே சாம்பல் அணிலுக்கும் யானைக்கும் உரிய வழியில் நம் விளையாட்டுக்கு இடமில்லை. விதைத்த புஞ்சையின் ஓரத்தை மிதித்து ஏறுவதும், கண்மாய்க் கரையைச் சக்கரத்தால் கரைப்பதும் வீரமல்ல. போடிநாயக்கனூரிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு வேலையாள்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்களைப் பார்த்திருக்கிறேன். பிழைப்புக்காக நாள்தோறும் அந்தக் கடும்பாதையில் ஏறுவோர் ஒரு கல்லையும் வீணாகப் புரட்டுவதில்லை. வலிமை உள்ளவன் மெல்லச் செல்வதே அழகு என்பதை அவர்களிடம் கற்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைகள் ஓய்ந்திருக்கும். அன்று மாலையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளை மூவர் நால்வராக ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டை அணைப்பக்கம் போய்வருவேன். முன்கண்ணாடியை மடித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. அவர்களுள் பலருடைய பெற்றோர் வாரம் முழுவதும் அலுமினியப் பொடியில் கை வெள்ளியாகும்படி உழைப்பவர்கள். ஊரார் மகிழ்வதற்காகத் தங்கள் நாள்களைச் செலவிடுபவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காற்றில் முடி பறக்க அரைமணி நேரம் சிரிக்கக் கிடைக்கிறது என்றால், அந்தச் சிரிப்பை வெறும் இன்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். ஒரு பொருளை உடைமையாகக் கொள்வதும் அதனால் மகிழ்வதும் தவறல்ல. ஆனால், அம்மகிழ்ச்சி பக்கத்து வீட்டாரின் அச்சம் இன்னதென்று அறிந்திருக்க வேண்டும். அறிந்து, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். ஜீப்பின் சத்தத்தை முற்றிலும் அடக்க இயலாது. அந்த ஒரு சத்தத்தை மட்டும் அடக்கலாம். நம்முடைய ஒவ்வோர் இன்பத்திலும் அயலாரைத் திடுக்கிடச் செய்யும் அத்தகைய ஒரு சத்தம் எங்கேனும் இருக்கத்தான் செய்கிறது. அது எது என்று அறிய அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வரும் மாதம் சைலன்சர் குழாயின் முன் இணைப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய அண்ணாச்சி இப்போது இல்லை. அவருடைய பேரன் பட்டறையை நடத்துகிறார். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் பழக்கம் அவருக்கும் இருக்கிறது.